இரண்டு பேருக்கு ஒரு ஜோடி

"ரெண்டு ஜோடியா எடுங்கக்கா, பாத்துப் போட்டுத் தரேன்."

"ஒரு ஜோடி போதும் தம்பி."

"இப்பத்தானே அப்பாவுக்கும் பிள்ளைக்கும்னு சொன்னீங்க?"

"ரெண்டு பேருக்கும்தான். அவர் பகல்ல போறாரு, இவன் ராத்திரி போறான். ஒருத்தர் தூங்கறப்ப அந்தப் பூட்ஸும் கூடப் படுத்துத் தூங்கணுமா?"

பூட்ஸ்காரன் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான். பழைய சாமான் சந்தையில் அவன் விரித்திருந்த தார்ப்பாயின் மேல் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்கள் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, அடிப்பக்கத்தை வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். மோந்தாள். கடைசியில் ஒரு ஜோடியைத் தனியே நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, அதைக் குடிக்காமல் பூட்ஸுக்குள் ஊற்றினாள்.

"அக்கா, அது நான் டீக்கடையில இருந்து வாங்கிட்டு வந்த தண்ணி."

"கசியலை. நல்ல பூட்ஸ்தான்."

"அளவு யாருக்குப் பாக்கறீங்க?"

"அவருக்கு. பெருசுக்குள்ள சின்னக் கால் போகும். சின்னதுக்குள்ள பெரிய கால் போகுமா? பையன் முன்னாடி துணி வெச்சு அடைச்சுக்குவான்."

விலை சொன்னான். அவள் அதில் பாதி சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். தெருவில் அவளுக்கு அரைவிலை அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

பெருமைப்படாமல் என்ன செய்வாள்? புருஷன் பாட்டில் கழுவுகிறவர். மகனுக்கு அதே ஆலையில் இப்போதுதான் ராத்திரி வேலை கிடைத்திருந்தது. அந்தச் சம்பளத்தில் மூன்று வயிறும் வாடகையும் அவருடைய சர்க்கரை மாத்திரையும் நடந்தது அவள் கையால். முட்டை மொத்தக்கடையில் ஓடு கீறியதையெல்லாம் தூக்குவாளியில் வாங்கி வருவாள். சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போய், கனிந்து தொட்டால் கலங்குகிற தக்காளியைக் குவியலாக அள்ளி வந்து அன்றைக்கே வேகவைத்து வைப்பாள். சோப்புக்கட்டியை நூலால் துண்டு போட்டு ஜன்னலில் காயவைப்பாள். காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாது. எல்லாவற்றுக்கும் அவளுக்கு மூக்குதான் தராசு. எது இன்றைக்குத் தாங்கும், எது நாளைக்குத் தாங்கும் என்று மோந்தே சொல்லிவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவள் வாங்கிவந்த எதையும் சாப்பிட்டு வீட்டில் ஒருவருக்கும் வயிறு கெட்டதில்லை.

பூட்ஸ் இல்லாமல் ஆலைக்குள் விடமாட்டார்கள். வாசல் காவல்காரர் ஆளின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, காலைத்தான் பார்ப்பார். உள்ளே எந்நேரமும் தரையில் தண்ணீர். லாரியில் திரும்பி வருகிற காலி பாட்டில்களைக் கூடையோடு சூடான காரத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, லேபிள் ஊறிக் கழன்றதும் எடுத்து, பிரஷ்ஷில் குத்தி, அலசி அடுக்க வேண்டும். கூடைக்கு ஒன்றாவது உடையும். உடைந்த சில்லெல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கும். பூட்ஸை ஆலை தராது, அவரவர் கொண்டுவர வேண்டும். அவருடைய பழைய ஜோடி அடிவிட்டுப்போன வாரத்தில்தான் மகனுக்கும் வேலை வந்தது.

அப்படித்தான் வாசலில் கைமாற்றுவது தொடங்கியது.

காலையில் மகன் வெளியே வருவான். தகரக் கூரைக்குக் கீழே இருந்த பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருப்பார். மகன் பூட்ஸைக் கழற்றி, முன்பக்கம் அடைத்திருந்த துணியை உருவி எடுத்து, பூட்ஸைக் கவிழ்த்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, அப்பாவிடம் கொடுப்பான். அப்பா தன் செருப்பை அவனிடம் தள்ளுவார். சாயங்காலம் அதுவே மறுபடி, ஆள் மாறி.

"சூடா இருக்குடா. அடுப்பு மேல வெச்சு எடுத்த மாதிரி இருக்கு," என்பார் அவர். மழைக்காலக் குளிரில் அது அவருக்கு சுகமாகத்தான் இருந்தது.

"என்ன பெரியவரே," என்பார் காவல்காரர், "உங்க ரெண்டு பேரைவிட இந்தப் பூட்ஸுக்குத்தான் வேலை ஜாஸ்தி. அதுக்குத் தனியா சம்பளம் கேளுங்க."

"கேட்டாச்சு. எங்க வீட்டம்மா போய்க் கேட்டா, ஆலைக்காரன் பாதி தரேன்னுட்டான்."

அவளும் பக்கத்தில் நின்று சிரிப்பாள். காலையில் அவள் புருஷனோடு அதுவரைக்கும் நடந்து வருவது வழக்கம். ஆலைக்கு எதிர்ச்சந்தில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது. நேற்றைய ரொட்டியைக் காலையில் கதவு திறந்ததும் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். முந்தியவர்களுக்குக் கிடைக்கும். வரிசை வேகமாக வளரும்.

ஒரே குறை, பூட்ஸ் காயவில்லை. ஆலைக்கு லீவு விடுகிற ஒருநாள் மட்டும் அதைக் கவிழ்த்து வைப்பாள். உள்ளே காகிதம் திணிப்பாள். மறுநாள் கை வைத்தால் அப்படியே சில்லென்று இருக்கும். அவருடைய விரலிடுக்குகள் வெளுத்து ஊறிப்போயின.

"கால் எப்படி இருக்குங்க?"

"கட்டை மாதிரி இருக்கு. இருக்கறதே தெரியலை."

"நாள் பூரா தண்ணியில நின்னா அப்படித்தான் இருக்கும்."

"அதான் நானும் நினைச்சேன்."

அவர் கால் மரத்துக்கொண்டிருந்தது தண்ணீரால் அல்ல, சர்க்கரையால் என்பது அப்போது இருவருக்குமே தெரியவில்லை. வலிக்காத காலைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. மகன் வாசலுக்கு வரும்போதே அவனுக்குக் கண் சொருகியது. ராத்திரி ஆள் குறைவு என்று அவனையே இரண்டு தொட்டிக்கும் நிற்கவைத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றித் துணியை உருவி, கவிழ்த்துத் தட்டினான். இன்னொன்றைக் கழற்றினான்.

எதிர்ச்சந்தில் வரிசை கடையின் படியைத் தாண்டி வளைந்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

"டேய், சீக்கிரம் வாடா. ரொட்டி தீந்துடும். பையைப் பிடிக்க ஆள் வேணும், ஒரு ஆளுக்கு ரெண்டுதான் தராங்களாம்."

"இரும்மா, ஒரு நிமிஷம்."

"உங்கப்பாவுக்குப் போட்டுக்கத் தெரியாதா? வாடா."

அவன் இடது பூட்ஸை அப்படியே அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு, அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் ஓடினான். அவர்களுக்கு நான்கு ரொட்டி கிடைத்தது. வழியெல்லாம் அவள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் பூட்ஸை வாங்கி மாட்டிய மகன், "என்னப்பா, உள்ள ஒரே பிசுபிசுன்னு இருக்கு?" என்று கேட்டானாம்.

"தண்ணி புகுந்திருக்கும்டா."

"துணி உள்ளேயே இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு போல. நான் கவனிக்கலை. இறுக்கமா இருந்துச்சு, குளிருக்குக் கால் வீங்கியிருக்கும்னு நினைச்சேன்."

ஷிப்ட் மணி அடித்தது. அவன் துணியைத் திருப்பிப் பார்க்காமல் மடித்து மறுபடி அடைத்துக்கொண்டு போனான். காலையில் வெளிச்சத்தில் கழற்றியபோது அவனுடைய சாக்ஸ் பழுப்பாகக் காய்ந்து பாதத்தோடு ஒட்டியிருந்தது. அது அவன் ரத்தம் இல்லை. துணியை உதறியபோது ஒரு சில்லு கீழே விழுந்தது. நகத்தளவு பச்சைக் கண்ணாடி.

வீட்டில் அதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். இடது கால் பெருவிரலுக்குக் கீழே, வாய் திறந்த மாதிரி ஒரு வெட்டு. உப்புப் போட்ட வெந்நீரில் வைத்துக் கழுவினாள். அவர் அசையவே இல்லை.

"எரியலையா?"

"இல்லையே."

"இவ்வளவு ஆழமா இருக்கு, எரியலைங்கறீங்க."

"எரியலைன்னா நல்லதுதானே? விடு."

பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டினாள். மறுநாள் மருந்துக்கடைக்குப் போனாள்.

"சின்ன ட்யூபா, பெரிய ட்யூபா?"

"எது லாபம்?"

"பெருசுதான் லாபம்மா. யாருக்குப் புண்?"

"வீட்டுக்காரருக்கு. கண்ணாடி கீறினது, சின்னப் புண்தான்."

"சர்க்கரை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா."

"பாத்துட்டுப் போறோம். சின்ன ட்யூபே குடுங்க. ஆறிடுச்சுன்னா மிச்சம் வீணாப்போகும்."

ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் வேலை போகும். வாசலில் ஒருநாள் வராதவனுக்குப் பதிலாக நிற்க எப்போதும் ஆள் காத்துக்கொண்டிருக்கும். அவர் கட்டோடு பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டு போனார். அடுத்த நாளும் போனார். மகன் மட்டும் கைமாற்றும்போது தலையைத் தூக்குவதே இல்லை. பூட்ஸைக் கவிழ்த்து, தட்டி, மறுபடி கவிழ்த்து, மறுபடி தட்டிக்கொண்டே இருந்தான்.

"போதும்டா, சுவர் விழுந்துடப் போகுது," என்றார் காவல்காரர். அவன் சிரிக்கவில்லை.

அப்புறம் வீட்டில் அந்த வாடை வந்தது.

ஒரு மத்தியானம் உள்ளே நுழையும்போதே அவளுக்கு மூக்கில் பட்டது. ஏதோ கெட்டிருக்கிறது. அவள் வாங்கி வந்தது எதுவோ. அவளுக்கு அவமானமாக இருந்தது. தூக்குவாளியைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்தாள். எல்லாம் நன்றாக இருந்தன. வெங்காயக் கூடையைத் தரையில் கொட்டினாள். உருளைக்கிழங்குக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். வேகவைத்த தக்காளிச் சட்டியில் மூக்கை வைத்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பார்த்தாள். சாக்கடைப் பக்கம் எலி ஏதாவது செத்திருக்குமோ என்று வெளியே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். வாசலில் நின்று திரும்ப உள்ளே மூச்சை இழுத்தாள். வாடை சமையல் பக்கத்திலிருந்து வரவில்லை. அறைக்குள்ளிருந்து வந்தது. அன்றைக்குக் காய்ச்சல் என்று அவர் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார்.

போர்வையை விலக்கினாள். கட்டு பச்சையாக ஊறியிருந்தது. அவிழ்த்தாள். பெருவிரல் கருப்பாக இருந்தது. பக்கத்து விரலும்.

"என்னம்மா பாக்கற?"

"ஒண்ணுமில்லைங்க. எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்குப் போலாமே. வெளியில மழை."

"எழுந்திருங்க."

மகனையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு, முட்டை, வெங்காயம், கிழங்கு எல்லாம் சமையல் தரையில் பரவிக் கிடந்தபடியே கதவைப் பூட்டினாள்.

டாக்டர் சின்ன வயசு. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"முன்னாடியே வந்திருந்தா விரலோட முடிச்சிருக்கலாம்மா. இப்ப மேல ஏறிடுச்சு. முழங்காலுக்குக் கீழே எடுத்துடணும். இல்லைன்னா ஆள் தங்கமாட்டார்."

"மாத்திரை, ஊசி எதுவும்..."

"அந்தக் கட்டம் தாண்டியாச்சு."

அவள் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் செருப்பு அவனுக்கு இரண்டு விரற்கடை பெரிதாக, குதிகாலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"துணியை எடுக்க மறந்துட்டேம்மா."

அவள் அந்தச் செருப்பைப் பார்த்தாள்.

"தினமும் எடுப்பேன். தட்டுவேன். அன்னைக்கு மட்டும்..."

"அன்னைக்கு நான் கூப்பிட்டேன்."

அவன் தலையைத் தூக்கினான்.

"நீ ஒரு நிமிஷம் இரும்மான்னு சொன்ன. நான்தான் ரொட்டி தீந்துடும்னு அவசரப்படுத்தினேன்."

"தெரியும்மா," என்றான் அவன்.

"தெரியுமா?"

"தெரியும். சொல்லவேணாம்னு இருந்தேன்."

உள்ளே யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. அந்த நான்கு ரொட்டியில் கடைசித் துண்டைப் பாலில் நனைத்து அவருக்குத்தான் கொடுத்தோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. இன்னும் நாலு நாள் கெடாது என்று மோந்து பார்த்துச் சொல்லியிருந்தாள்.

காலை எடுத்தார்கள்.

கண் விழித்ததும் அவர் முதலில் கேட்டது, "ஆலையில என்ன சொன்னாங்க?"

"மேஸ்திரி வரேன்னு சொல்லியிருக்காரு. நீங்க தூங்குங்க."

"உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"முழு விலை குடுத்து எதையோ வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பெண் குபுக்கென்று சிரித்தாள். அந்தக் கட்டிலில் லாரி கழுவுகிறவர் ஒருவர் படுத்திருந்தார். நிறுத்தி வைத்த லாரி பின்னால் உருண்டு, அவர் வலது காலை நசுக்கிவிட்டது. சிரித்தவள் அவர் மனைவி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வார்டில் எல்லாருக்கும் டீ வாங்கி வருவாள், எல்லார் கதையும் கேட்பாள்.

"உங்களுக்கு இடது, எங்களுக்கு வலது," என்றாள் அவள். "ரெண்டு பேரையும் சேத்துக் கட்டினா ஒரு முழு ஆள் நடந்து போவான்."

"கண்ட பேச்சும் பேசாத," என்றார் அவள் புருஷன், கண்ணை மூடிக்கொண்டே.

"பேசாம? அழுதா முளைச்சு வருமா?"

மேஸ்திரி வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"தொட்டியில நிக்க முடியாது. அது உங்களுக்கே தெரியும். ஆனா விளக்குப் பலகையில ஒரு இடம் காலியாகுது. உக்காந்த வேலை. பாட்டிலை வெளிச்சத்துல பிடிச்சு விரிசல் இருக்கான்னு பாக்கறது. சம்பளம் கொஞ்சம் கம்மி."

"வரேன்," என்றார் அவர். எவ்வளவு கம்மி என்று கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"கோல் ஊனி நடக்கப் பழகிட்டு வாங்க. இடத்தை வெச்சிருக்கேன். ஆனா பூட்ஸ் போட்டுட்டு வந்துடுங்க."

"பூட்ஸா?" என்றாள் அவள்.

"பலகை இருக்கற இடத்துலயும் தண்ணி நிக்குதும்மா. வாசல்ல விடமாட்டாங்க."

"ஒத்தக் காலுக்குமா?"

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். "இருக்கற காலுக்குத்தாம்மா," என்றார்.

அவர் போனபிறகு மகன் சொன்னான்: "நம்ம பூட்ஸ்ல வலதை அப்பாவுக்குக் குடுத்துடலாம்மா."

"அப்ப நீ?"

ராத்திரி வேலையை அவன் விடவில்லை, அதே பூட்ஸில்தான் போய்க்கொண்டிருந்தான். உனக்குப் புதுசு வாங்கித் தருகிறேன், கடையில், பெட்டியோடு என்று அவள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். வேண்டாம் என்றான். மறுபடி சொன்னபோது அவன் சொன்னது அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"எதுக்கும்மா? இப்ப எனக்கு மட்டும்தானே. பகல்ல நல்லா காஞ்சுடுது."

அன்று சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே லாரி கழுவுகிறவர் மனைவி கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர் கால் என்ன அளவு அக்கா?"

"எதுக்கு?"

"எங்க வீட்டுக்காரரும் திரும்ப ஷெட்டுக்குத்தான் போகணும். உக்காந்து டயரைக் கழுவுன்னு சொல்லியிருக்காங்க. அங்கயும் தண்ணிதான். ஒரு பூட்ஸ் மட்டும் எவன் விப்பான்? முழு ஜோடிதான் வாங்கணும். ஒண்ணைப் போட்டுட்டு ஒண்ணைப் பாத்து அழணும். அதான் யோசிச்சேன். ஒரு ஜோடி எடுத்து ஆளுக்கு ஒண்ணா வெச்சுக்கிட்டா?"

அரைவிலை அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் மனசு அதற்குள் கணக்கைப் போட்டு முடித்துவிட்டிருந்தது. இத்தனை வருஷம் பழகிய மனசு, அதை யாரும் கேட்க வேண்டியதில்லை.

"அளந்து பாக்கணும்," என்றாள். "குத்துமதிப்பா எடுக்கக்கூடாது. துணி கிணி அடைக்கற பேச்சே வேணாம்."

"அளக்கலாமே."

கட்டுப் போடுகிற நாடாவில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, புருஷனுடைய வலது காலை அளந்து முடிச்சுப் போட்டாள். அதே நாடாவைக் கொண்டுபோய் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவரின் இடது காலில் வைத்தாள். அவர் கூச்சத்தில் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"நீட்டுங்கண்ணே. சரியாப் பாத்துக்கறேன்."

முடிச்சு பெருவிரல் நுனியில் வந்து நின்றது.

பழைய சாமான் சந்தையில் பூட்ஸ்காரன் அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"வாங்கக்கா. போன தடவை எடுத்தது எப்படி இருக்கு? கசியலையே?"

"கசியலை."

"நான் சொன்னேன்ல. இப்ப எத்தனை ஜோடி?"

"ஒரு ஜோடி."

"அதே மாதிரியா? ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்குத்தான்."

கூட வந்திருந்த லாரி கழுவுகிறவர் மனைவி ஏதோ சொல்ல வந்தாள். இவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள். நாடாவைப் பூட்ஸ் பூட்ஸாக வைத்துப் பார்த்து ஒரு ஜோடியைத் தேர்ந்தாள். இந்தத் தடவை தண்ணீர் கேட்கவில்லை. தார்ப்பாயின் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வலது பூட்ஸை மடியில் வைத்து, முழங்கை வரைக்கும் உள்ளே கையை விட்டாள். அடிப்பாகத்தை விரலால் தடவினாள். ரப்பர் ஒட்டிய இடம், மடிப்பு, குதிகால் குழி, முன்பக்கத்து மூலை. வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள். கவிழ்த்துத் தரையில் தட்டினாள். மறுபடி விட்டாள்.

அப்புறம் இடது பூட்ஸை எடுத்தாள்.

"அக்கா, அது எங்களுது," என்றாள் கூட வந்தவள், மெதுவாக. "நான் பாத்துக்கறேன்."

"இரு."

உள்ளே இருட்டில் கை போய்க்கொண்டே இருந்தது. விரல் ஒவ்வொன்றும் நிற்கிற இடத்தை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பூட்ஸ்காரன் விலை சொன்னான். அவள் காதில் விழாத மாதிரி இருந்தாள். பின்னால் இரண்டு பேர் வந்து நின்று, போய்விட்டார்கள்.

"அக்கா, சீக்கிரம் சொல்லுங்க. கடை கட்டற நேரம்."

"இருப்பா. ஒரு நிமிஷம்."

"விலையாவது சொல்லுங்க, என்ன தருவீங்க?"

"நீ சொன்னதுல பாதி," என்றாள் அவள். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.